ரிக்கி ஹென்டர்சனுக்கு எந்த வருஷம்?

எங்க ஃபேன்டஸி பேஸ்பால் க்ரூப்ல (நிஜ ப்ளேயர்களோட நம்பர்களை வெச்சு கற்பனை டீம் கட்டி மோதுற ஆட்டம்) இந்த குளிர்காலம் ஆல்டைம் டிராஃப்ட் வெச்சோம், அதாவது ஆளாளுக்கு டர்ன் போட்டு ப்ளேயரை எடுக்குறது. 8 பேரு, எந்த காலத்து ப்ளேயரை வேணா எடுக்கலாம், ஆனா ஒருத்தரோட ஒரே ஒரு சீசன்தான் கணக்கு. பேப் ரூத்தை எடுத்தா அவரோட 714 ஹோம் ரன்னும் (பந்தை எல்லைக்கு வெளிய அடிக்கிறது) வந்துடாது, 1921ன்னு சொன்னா அந்த வருஷத்து 59 மட்டும்தான். டிராஃப்ட் முடிஞ்சு நாலு நாளாச்சு, இன்னும் டீமை வெச்சு கணக்கு போட்டுட்டே இருக்கேன், ஏன்னா லாக் ஆகுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மாத்தத்துக்கு அனுமதி உண்டு, ஒரு ப்ளேயரோட வருஷத்தை மாத்தலாம் இல்ல யாரும் எடுக்காத ஒருத்தரை உள்ள கொண்டு வரலாம்.

பேட்டிங்ல எனக்கு வந்தது: லூ கெரிக் 1936, ஜோ மோர்கன் 1976, ஹோனஸ் வாக்னர் 1908, மைக் ஷ்மிட் 1980, அவுட்ஃபீல்டுல ரூத் 1921, டெட் வில்லியம்ஸ் 1941, ரிக்கி ஹென்டர்சன் 1982, கேட்சர் ஜாஷ் கிப்சன் 1943. பார்த்தா சாமி மாடம் மாதிரி இருக்கு. ஆனா ஓட்டை இருக்கு, அதுவும் நான் போட்ட ஓட்டை.

ரிக்கியோட 1982ல 130 ஸ்டோலன் பேஸ் (யாரும் அடிக்காமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிக்கிறது, சுருக்கமா ஸ்டீல்), மாடர்ன் பேஸ்பால்ல அதை யாரும் தாண்டல, அந்த நம்பரை பார்த்ததும் வேற எதுவும் கண்ணுல படல. அதுக்கப்புறம் செகண்ட் பேஸுக்கு என் டர்ன் வந்தப்ப ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பி 1922 அப்படியே கிடைச்சது, .401 ஆவரேஜ் (ஆயிரம் தடவை பேட் பிடிச்சா 401 ஹிட்ங்கிற கணக்கு), 42 ஹோம் ரன், 152 ஆர்பிஐ (அவர் பேட்டிங்கால டீமுக்கு வந்த ரன்). அதை விட்டுட்டு மோர்கனை எடுத்தேன். மோர்கன் 1976 சாதாரண சீசன் கிடையாது, .320, 27 ஹோம் ரன், 111 ஆர்பிஐ, 60 ஸ்டீல், லீக்கோட சிறந்த ப்ளேயர்னு எம்விபி விருது வாங்குன வருஷம். ஆனா எனக்கு எதுக்கு இன்னொரு 60 ஸ்டீல்? ரிக்கி, மோர்கன், வாக்னர் மூணு பேர் மட்டுமே 243 ஆச்சு. எங்க லீக் ரோட்டோ முறை, ஹோம் ரன், ஸ்டீல் மாதிரி ஒவ்வொரு கேட்டகரிலயும் முதல் ஆளுக்கு 8 பாயிண்ட், ஒரு ஸ்டீல்ல ஜெயிச்சாலும் நூறு ஸ்டீல்ல ஜெயிச்சாலும் அதே 8 தான். மிச்சமெல்லாம் வீண். அந்த பக்கம் வாக்னரும் ரிக்கியும் ஆளுக்கு 10 ஹோம் ரன்தான், ரூத், கெரிக், ஷ்மிட் மூணு பேரும் சேர்ந்து 156 அடிச்சும் ஹோம் ரன்ல நான் நடுவுலதான் நிக்கிறேன்.

அதனால ரிக்கியை 1985க்கு மாத்தலாம்னு தோணுச்சு. யாங்கீஸ் டீம்ல அவரோட முதல் வருஷம், 80 ஸ்டீல், 24 ஹோம் ரன், 146 ரன், .314. 1982ல .267 தான். அதாவது 50 ஸ்டீலை கொடுத்துட்டு 14 ஹோம் ரன், 27 ரன், 21 ஆர்பிஐ வாங்குறேன், ஆவரேஜும் ஏறுது, அப்பவும் ஸ்டீல்ல முன்னாடிதான் இருப்பேன்.

பிட்சிங் (பந்து வீச்சு) பத்தி கவலை இல்ல. வால்டர் ஜான்சன் 1913 (36 வின், 1.14 இஆர்ஏ, அதாவது 9 இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ரன் சராசரி, கம்மியா இருந்தாதான் நல்லது), கோஃபாக்ஸ் 1965 (382 ஸ்ட்ரைக்அவுட், மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட் ஆக்குறது), பெட்ரோ மார்டினெஸ் 2000, சேவுக்கு (முன்னாடி இருக்குற ஆட்டத்தை கடைசில வந்து காப்பாத்தி முடிக்கிறது) எக்கர்ஸ்லி 1990, அந்த வருஷம் மொத்தமே 4 வாக் (தப்பா போட்டு சும்மா பேஸ் கொடுக்கிறது) கொடுத்த மனுஷன். ஒரு விஷயம்தான் மனசுக்கு ஒப்பல. பெட்ரோவோட 1.74ஐ விட ஜான்சனோட 1.14 உசத்தின்னு எங்க லீக் கணக்கு சொல்லுது, ஆனா 1913ல அமெரிக்கன் லீக் சராசரியே 3க்கு கீழ, 2000ல கிட்டத்தட்ட 5. எல்லாரும் பந்தை வெளிய அடிச்சுட்டு இருந்த காலத்துல பெட்ரோ அதை செஞ்சார், என்னைக் கேட்டா ஒரு பிட்சர் போட்ட ஆகச்சிறந்த சீசன் அதுதான்.

இப்ப கேட்சர். மைக் பியாஸா 1997ஐ யாருமே எடுக்கல, .362, 40 ஹோம் ரன், 124 ஆர்பிஐ சும்மா கிடக்குது. கிப்சனை விட்டு அவரை எடுத்தா ஹோம் ரன் ஒரேடியா ஏறும், ரிக்கி மாத்தத்தை விட லாபம் ஜாஸ்தி, கணக்கு தெளிவா இருக்கு. கிப்சனோட 1943 ஆவரேஜ் .466, 2024ல நீக்ரோ லீக் (கறுப்பர்கள் தனியா ஆட வேண்டியிருந்த லீக்) கணக்கை எம்எல்பி, அதாவது மேஜர் லீக், சேர்த்தப்ப ஒரு சீசனுக்கான ரெக்கார்டே அதுதான் ஆச்சு, கரியர்லயும் .372ன்னு, அதுவரை முதல் இடத்துல இருந்த டை காப்பை தாண்டிட்டார். ஆனா அங்க கணக்குல வர்ற ஆட்டமே கம்மி, மத்தவங்க 154 ஆட்டம் ஆடி சேர்த்த ஹோம் ரன்னோட போட்டி போட வழியே இல்ல. கறுப்பர்ங்கிறதால மேஜர் லீக்ல அவரை விடவே இல்ல. 1947 ஜனவரில 35 வயசுல செத்துப்போனார், மாடர்ன் மேஜர் லீக்ல முதல் கறுப்பரா ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் டீமுக்கு இறங்குனது அதே வருஷம் ஏப்ரல் 15. மூணு மாசம் கூட இல்ல. அவருக்கு ஆட்டம் கம்மியானதுக்கு காரணம் இதுன்னு தெரிஞ்சுட்டு, ஆட்டம் கம்மின்னு சொல்லி நானும் அவரை உட்கார வைக்க மாட்டேன், அதுக்கு ஒண்ணு ரெண்டு பாயிண்ட் போனா போகட்டும்.

நேத்து ராத்திரி க்ரூப்ல மெசேஜ் போட்டுட்டேன், ரிக்கி 1985, மத்தபடி அதே டீம்.