ரம்ஜானும் மார்ச் 31-ம் ஒரே நாள்ல வந்தா சம்பளக் கணக்கு முடிக்கறது எப்படி

இந்த 2025-ல மார்ச் 31 திங்கக்கெழம, அன்னிக்கே ரம்ஜான். முந்தின நாள் ஞாயிறு, யுகாதி வேற. ஏப்ரல் 1 பேங்க்ல வருஷக் கணக்கு முடிக்கற லீவு. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனி, தோல் ஷெட்டுன்னு எதுல கணக்கு பாக்கறவங்களா இருந்தாலும் இந்த மார்ச் எப்படி போச்சுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. ஒரு பக்கம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து லெட்ஜர் எங்க, வேஜ் ரிஜிஸ்டர் எங்கன்னு போன், இன்னொரு பக்கம் ஷெட்டுல எல்லாரும் பண்டிகைக்கு முன்னாடி சம்பளம் வேணும்னு நிக்கறாங்க, அதுவும் நியாயம்தான், புதுத்துணி எடுக்கணும், பிரியாணிக்கு கறி சொல்லணும், ஏப்ரல் 7-ந் தேதி சம்பளம் வந்து என்ன பிரயோஜனம்.

நான் பாக்கறது ஒரு சின்ன யூனிட். அப்பர் ஸ்டிச்சிங், அதாவது ஷூவோட மேல்பாகம் தைக்கற ஜாப் வொர்க், முப்பது சொச்சம் பேரு, முக்காவாசி பொம்பளைங்க. பெரிய கம்பெனி கட் பண்ணி அனுப்பறத தைச்சுக் குடுக்கறோம், அவ்ளோதான். ஹெச்ஆர் டிபார்ட்மென்ட்லாம் கிடையாது, நானும் டேலின்னு ஒரு கணக்கு சாஃப்ட்வேரும் ஒரு எக்ஸல் ஷீட்டும். எங்க முதலாளி பாய்கிட்ட சொன்னேன், 29-ந் தேதி சனிக்கெழம அஞ்சாவது சனி, பேங்க் இருக்கும், அன்னிக்கே போட்டுடலாம்னு. அவரும் சரின்னுட்டாரு. மாசம் முடியறதுக்கு முன்னாடியே சம்பளம் போடறதுல பெருசா சிக்கல் இல்ல, ஏன்னா மிச்சம் இருந்தது ஞாயிறும் பண்டிகை லீவும் மட்டும்தான், சனிக்கெழம சாயந்திரம் பீஸ் கணக்கு எடுத்து ராத்திரிக்குள்ள ஏத்திட்டா முடிஞ்சுது. பண்டிகை அட்வான்ஸ் வாங்கினவங்களுக்கு மார்ச்லயே பிடிக்க வேணாம், ஏப்ரல்ல இருந்து நாலு தவணையா பிடிச்சுக்கலாம்னு பாய் சொல்லிட்டாரு, அது நல்ல முடிவு. ஆனா வருஷக் கணக்குல அந்த அட்வான்ஸ் செலவா போய் உக்காரக்கூடாது, பாக்கி வரவேண்டிய பணமா நிக்கணும். இத நெறைய பேரு சம்பளத்தோட சேத்து எழுதிட்டு அப்புறம் ஆடிட்டர்கிட்ட திட்டு வாங்குவாங்க.

சரி, இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்தது பணத்தப் பத்தி இல்ல, நாள் கணக்கப் பத்தி.

வருஷக் கடைசியில எல்லாரும் பாக்கறது தொகை. முதலாளி தொகை பாப்பாரு, ஆடிட்டர் தொகை பாப்பாரு, டேலியும் தொகைதான் டேலி ஆகுதான்னு பாக்கும். ஆனா ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சைட்ல மாசாமாசம் ஏத்தும்போது சம்பளத்துக்குப் பக்கத்துலயே எத்தன நாளுக்கு சம்பளம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, வேலை செய்யறவங்களுக்கு அதுதான் சோறு போடற கட்டம். ஈஎஸ்ஐ-க்கு வருஷம்னா ரெண்டு பாதி, ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் ஒண்ணு, அக்டோபர்ல இருந்து மார்ச் ஒண்ணு. இந்த அக்டோபர்–மார்ச்ல கட்டினதுக்கு பலன் வர்றது ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும். அந்த ஆறு மாசத்துல உடம்பு சரியில்லாம படுத்தா சம்பளத்துல 70 சதவீதம் குடுப்பாங்க, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். ஆனா அதுக்கு கட்டின அரை வருஷத்துல 78 நாளாவது கணக்குல இருக்கணும். பிரசவத்துக்குன்னா முந்தின ரெண்டு அரை வருஷமும் சேத்து 70 நாள், அது இருந்தா 26 வாரம் முழுச் சம்பளம். பணம் எவ்ளோ கட்டினோம்ங்கறது அப்புறம், இந்த நாள் இருந்தாத்தான் கதவே தொறக்கும்.

பீஸ் ரேட் ஆளுங்களுக்கு இதுலதான் அடி விழும். ஜோடிக்கு இவ்ளோன்னு கணக்கு, அதனால நாளப் பத்தி யாரும் கவலப்படறதில்ல, சில எடத்துல எல்லாருக்கும் 26-ன்னு கண்ண மூடிட்டு போட்டுடுவாங்க, சில எடத்துல பீஸ் எண்ணிக்கை விழுந்த நாள மட்டும் சாஃப்ட்வேர் எண்ணும். ரெண்டுமே தப்பு. எங்க ஷெட்டுல போஸ்ட் பெட் தையல் மெஷின்ல உக்கார்ற ஒரு பொண்ணு, ரெண்டு மூணு வருஷமா இருக்கறவதான், அம்மாவுக்கு முடியலன்னு அக்டோபர்ல ஊருக்குப் போய் டிசம்பர் பாதியிலதான் திரும்பி வந்துச்சு. மார்ச் கணக்கு முடிக்கும்போது அரை வருஷத்த கூட்டிப் பாத்தேன். அக்டோபர் 6, நவம்பர் ஒண்ணுமில்ல, டிசம்பர் 9, ஜனவரி 19, பிப்ரவரி 21, மார்ச் 22. மொத்தம் 77. ஒரு நாள் கம்மி! மார்ச் சலான் இன்னும் ஏத்தல, சாஃப்ட்வேர் குடுத்த 22-ல ரம்ஜான் லீவு இல்ல, ஏன்னா அன்னிக்கு பீஸ் இல்ல. ஆனா அது சம்பளத்தோட கூடிய லீவு. தமிழ்நாட்டுல 1958-ல வந்த பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோட அஞ்சு பண்டிகை நாள், ஆக ஒம்போது நாள் சம்பளத்தோட விடணும், அந்த அஞ்சுல ரம்ஜான் எங்க யூனிட்ல எப்பவும் உண்டு. சம்பளம் குடுத்த நாள் கணக்குல வரணும். 23-ன்னு போட்டா 78 வந்துடுச்சு. அந்தப் பொண்ணுக்கு இது எதுவும் தெரியாது, கேட்டா "அக்கா, மாசாமாசம் பிடிச்சிக்கினே கீறீங்களே, எங்கதான் போவுது அத்தினியும்"னுதான் கேக்கும். உக்காரவெச்சு சொன்னேன், தலையாட்டுச்சு, புரிஞ்சுதான்னு தெரியல, அப்புறம் எழுந்து கஞ்சி வாங்கப் போயிடுச்சு.

இதுல இன்னொரு கூத்து, ஈஎஸ்ஐ-ல வந்த நாளக் கேப்பான், பிஎஃப்-ல வராத நாளக் கேப்பான். பிஎஃப் ஃபைல்ல என்சிபி டேஸ்னு ஒண்ணு இருக்கும், சம்பளம் இல்லாம வராமப் போன நாள் எத்தனன்னு, அது பின்னாடி பென்ஷனுக்கு சர்வீஸ் கணக்கு பண்ணும்போது கழியும். ரெண்டயும் ஒரே ஷீட்டுல இருந்து எடுத்து அவசரத்துல மாத்தி ஒட்டினா ஒருத்தர் இருவத்தி மூணு நாள் வந்ததுக்கு இருவத்தி மூணு நாள் வரலன்னு ஆயிடும். அதனால மார்ச் மாசம் ஏத்தறதுக்கு முன்னாடி பன்னெண்டு மாச ஃபைலையும் எடுத்து மஸ்டர் ரோலோட (வருகைப் பதிவேடு) ஒருவாட்டி பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரு மத்தியானம் போகும், போகட்டும்.

அடுத்தது மூணு டோட்டல் ஏன் ஒத்துப்போகலங்கற சண்டை. வேஜ் ரிஜிஸ்டர்ல ஒரு மொத்தம், பிஎஃப்-ல ஒரு மொத்தம், ஈஎஸ்ஐ-ல ஒரு மொத்தம். புதுசா கணக்குக்கு வர்ற பசங்க இத சரி பண்றேன்னு உக்காந்து எதையாவது மாத்தி வெச்சுடுவாங்க. மாத்தாதீங்க, அது ஒத்துப்போகவே கூடாது. இந்த 2024-25 கணக்குக்கு ஓவர்டைம் பிஎஃப்-க்கு கெடையாது, ஈஎஸ்ஐ-க்கு உண்டு. வீட்டு வாடகைப் படியும் அதே மாதிரி. ஓவர்டைம் ஈஎஸ்ஐ பிடிக்கறதுக்கு சேரும், ஆனா 21,000 ரூபா வரம்ப தாண்டுச்சான்னு பாக்கறதுக்கு சேராது. வரம்ப நடுவுல தாண்டினவங்களுக்கு கூட அந்த அரை வருஷம் முடியற வரைக்கும் பிடிச்சே ஆகணும், இப்ப மார்ச் 31-ஓட முடிஞ்சுது, ஏப்ரல்ல இருந்து எடுத்துடலாம். அப்புறம் ரூபா ரவுண்டிங். 12,010 ரூபா சம்பளத்துக்கு ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 90 ரூபா ஏழரை பைசா, டேலி 90-னு போடும், ஈஎஸ்ஐ சைட் 91-னு எடுக்கும், அங்க எப்பவும் மேல ஏத்தித்தான் ரவுண்ட் பண்ணுவாங்க. முப்பது பேருக்கு பன்னெண்டு மாசம் இப்படி ஒவ்வொரு ரூபாயா சேந்து வருஷக் கடைசில சில நூறு ரூபா இடிக்கும், அத பாத்து பயப்பட வேணாம், ஒரு வெள்ளத் தாள்ல வித்தியாசம் எதனாலன்னு வரிவரியா எழுதி ஃபைல்ல முன்னாடி வெச்சுடுங்க, ஆடிட்டர் கேள்வியே கேக்கமாட்டாரு.

இன்கம் டேக்ஸ் எங்களுக்கு ரொம்ப இல்ல, வரி கட்டற அளவு சம்பளம் வாங்கறது மாஸ்டர் ஒருத்தர்தான். அவருகிட்டதான் பஞ்சாயத்து. பிப்ரவரி பட்ஜெட்ல பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு டிவில பாத்துட்டு, மார்ச்ல பிடிக்காதீங்க, இதுவரைக்கும் பிடிச்சதயும் குடுங்கன்னு வந்து நின்னாரு. அது 2025-26-க்கு, ஏப்ரல் 1-க்கு அப்புறம் வாங்கற சம்பளத்துக்கு, இப்ப முடிஞ்ச வருஷத்துக்கு பழைய கணக்குதான்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடுச்சு. எழுதிக் காட்டினேன். மாசம் 70,000, வருஷத்துக்கு 8,40,000, அதுல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா 7,65,000. மூணு லட்சத்துல இருந்து ஏழு வரைக்கும் அஞ்சு சதவீதம் 20,000, மேல இருக்கற 65,000-க்கு பத்து சதவீதம் 6,500, செஸ் சேத்தா 27,560. ஏழு லட்சத்துக்குள்ள இருந்திருந்தா ஒண்ணும் இல்ல. வர்ற வருஷம் இதே சம்பளத்துக்கு ஒரு பைசா பிடிக்கமாட்டேன்னு சொன்னதும்தான் டீ குடிக்கப் போனாரு. மார்ச்ல பிடிச்ச டிடிஎஸ் (சம்பளத்துலயே பிடிக்கற வரி) மட்டும் ஏப்ரல் 30 வரைக்கும் கட்டலாம், மத்த மாசம் மாதிரி 7-ந் தேதி இல்ல. 24க்யூங்கற டிடிஎஸ் ரிட்டர்ன் கடைசி காலாண்டுக்கு மே 31, வரி பிடிச்சதுக்கு சர்டிஃபிகேட்டான ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள்ள கைல குடுக்கணும். ஆதாரோட லிங்க் ஆகாம பான் நம்பர் செயலிழந்து கெடக்கறவங்க யாராவது இருக்காங்களான்னு இப்பவே செக் பண்ணிடுங்க, இல்லன்னா 20 சதவீதம்னு நோட்டீஸ் நமக்குத்தான் வரும்.

போனஸ் தீபாவளிக்குத்தான் குடுப்போம், ஆனா செலவு இந்த வருஷத்தோடது, அதனால மார்ச் 31 தேதி போட்டு 8.33 சதவீதம் எடுத்து வெச்சுடணும். 2025 தீபாவளி அக்டோபர் 20, ஆடிட் உள்ளவங்களுக்கு ரிட்டர்ன் கடைசி தேதி அக்டோபர் 31, அதுக்குள்ள பணம் கைமாறிடும், செலவ ஒத்துக்குவாங்க. ஆனா இந்த 2024-25 கணக்குல தொழிலாளிகிட்ட பிடிச்ச பிஎஃப், ஈஎஸ்ஐ பங்கு அப்படி இல்ல. 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, அந்தந்த சட்டத்துல சொன்ன தேதிக்குள்ள கட்டலன்னா அது செலவுல கழியாது, நம்ம வருமானமா சேந்து வரி விழும், அப்புறம் கட்டினாலும் அவ்ளோதான். தேதின்னா அடுத்த மாசம் 15. ஒரு நாள் லேட் ஆனா கூட அப்படித்தான். பாய்கிட்ட இத சொன்ன நாள்ல இருந்து, பார்ட்டி பேமென்ட் வரலம்மா ரெண்டு நாள் பாக்கலாம்னு சொல்றத நிறுத்திட்டாரு.

ஆளுங்க மாறிக்கிட்டே இருக்கற எடம் இது. பக்கத்து ஷெட்டுல ஜோடிக்கு ஒரு ரூபா கூட குடுக்கறாங்கன்னா திங்கக்கெழம அங்க உக்காந்திருப்பாங்க, தப்பில்ல. ஆனா போனவங்களுக்கு பிஎஃப் சைட்ல வேலைய விட்ட தேதி போடணும், அத நெறைய யூனிட்ல போடறதே இல்ல. பழைய எடத்துல தேதி போடாம புது எடத்துல சேந்தா பணத்த மாத்தறதுலயும் எடுக்கறதுலயும் சிக்கல் வரும், கல்யாணச் செலவுக்கு எடுக்கலாம்னு வரும்போதுதான் தெரியும். தேதிய தப்பா பின்னாடி தள்ளிப் போட்டாலும் ரெண்டு சர்வீஸ் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி கிளைம் மாட்டிக்கலாம். வருஷத்துல விட்டுப்போன பேர மஸ்டர்ல இருந்து தனியா எடுத்து, கடைசியா வந்த நாள் எதுன்னு பாத்து, மார்ச்லயே போட்டு முடிச்சேன்.

அதவிட பெரிய தலைவலி இனிஷியல். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் ஆதார்ல புருஷன் பேரு, பேங்க்ல ரேஷன் கார்டப் பாத்து வேற ஒண்ணு, பிஎஃப்-ல பழைய கம்பெனிக்காரன் இனிஷியலே இல்லாம போட்டது. பொறந்த தேதி பாதிப் பேருக்கு ஜூலை 1 இல்லன்னா ஜனவரி 1. இத்த சரி பண்ணாம ஃபைல் ஏத்தினா பணம் போய் சேரும், ஆனா எடுக்க வரும்போது பேரு பொருந்தலன்னு நிக்கும். நான் சொல்றது ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே எல்லாத்தயும் கொண்டுவந்துடுங்க, ஆதாரே தப்புன்னா மொதல்ல அத்த திருத்துங்க, நடுவுல எதையும் தொடாதீங்க.

மார்ச் சம்பளத்துக்கு பிஎஃப், ஈஎஸ்ஐ ரெண்டுக்கும் கடைசி தேதி ஏப்ரல் 15, செவ்வாய்க்கெழம. ஆனா 10-ந் தேதி மகாவீர் ஜெயந்தி, 12 ரெண்டாவது சனி, 13 ஞாயிறு, 14 தமிழ் வருஷப் பொறப்பு. நடுவுல பேங்க் இருக்கறது 11 வெள்ளிக்கெழம ஒண்ணுதான், கடைசி நாள் சைட் எந்த லட்சணத்துல இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நெட் பேங்கிங்தானே எப்ப வேணா கட்டலாம்னு சொல்லலாம், ஆனா எங்க யூனிட்ல ஓடிபி பாய் போனுக்குத்தான் வரும், அவரு பண்டிகைக்கு குடும்பத்தோட பெங்களூர் போயிருக்காரு, போன் எடுக்கற நேரம் பாத்துப் பிடிக்கணும். 9-ந் தேதி காலைல பத்து மணிக்கு போன கைலயே வெச்சுக்கினு இருங்க பாய்னு வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன், ரெண்டு நீல டிக் வந்துடுச்சு, பதில் இன்னும் வரல.