சீக்வலைஸில் மூன்றடுக்கு உறவுகள்: எழுதும் முறையும் இடறும் இடங்களும்

ஆசிரியர், நூல், அத்தியாயம் என்று மூன்று மாடல்கள் (ஒவ்வொன்றும் ஒரு டேபிளைக் குறிக்கும்). ஆசிரியருக்குப் பல நூல்கள், நூலுக்குப் பல அத்தியாயங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலிலிருந்து டேட்டாபேஸைக் கையாளும் நூலகமான சீக்வலைஸில் இதற்கு நான்கு வரி எழுத வேண்டும்: இரண்டு ஹேஸ்மெனி (hasMany, ‘பல உண்டு’), இரண்டு பிலாங்ஸ்டு (belongsTo, ‘இதைச் சேர்ந்தது’). பலர் ஹேஸ்மெனியோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலிருந்து கீழே படிக்கும்வரை குறை தெரியாது. அத்தியாயத்திலிருந்து நூலுக்கு ஏற முயலும்போதுதான் ‘நாட் அசோசியேட்டட்’ என்ற பிழை வரும். ஒவ்வொரு உறவும் ஒருவழிப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாரின் கீ (மேல் டேபிளின் பதிவைச் சுட்டும் புலம்) பெயரை இரு பக்கமும் நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஹேஸ்மெனி அதை மூல மாடலின் பெயரிலிருந்து உருவாக்கும். பிலாங்ஸ்டு தன் அலியாஸிலிருந்து (உறவுக்கு நாம் வைக்கும் பெயர்) உருவாக்கும். அலியாஸ் வேறாக இருந்தால் ஒரே உறவுக்கு இரண்டு புலங்கள் முளைக்கும், ஒன்று எப்போதும் காலியாகவே கிடக்கும். உறவுகளை மாடல் கோப்புக்குள் எழுதுவதையும் தவிர்க்கலாம். இரு கோப்புகள் ஒன்றையொன்று இறக்குமதி செய்தால் ஒருபக்கம் மாடலே வந்து சேராது. எல்லா மாடல்களும் ஏறிய பிறகு, ஒரே கோப்பில் எல்லா உறவுகளையும் எழுதுவதே நல்லது.

படிக்கும்போது இன்க்ளூடுக்குள் (include, உறவுள்ள டேபிளையும் சேர்த்து எடுக்கச் சொல்வது) இன்னொரு இன்க்ளூட். உறவில் தந்த அலியாஸையே இங்கும் எழுத வேண்டும். அணுகும் பாதையும் அதுவே: ஆசிரியர்.நூல்கள்[0].அத்தியாயங்கள். இன்க்ளூட் செய்யாத உறவு அன்டிஃபைன்டாக இருக்கும். இன்க்ளூட் செய்தும் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஹேஸ்மெனி காலி அணியைத் தரும், பிலாங்ஸ்டு நல் (null) தரும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வரும் பிழைகள் ஏராளம். இன்க்ளூடுக்குள் வேர் (where, நிபந்தனை) எழுதினால் அது இன்னர் ஜாயின் (இரு பக்கமும் பொருந்துவதை மட்டும் தரும் இணைப்பு) ஆகிவிடும். பொருந்தும் நூல் இல்லாத ஆசிரியர் பட்டியலிலிருந்தே மறைவார். அவரும் வேண்டுமென்றால் ரிக்வயர்டை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

உண்மையான சிக்கல் லிமிட்டில் (எத்தனை பதிவு வேண்டும் என்ற வரம்பு) இருக்கிறது. ஹேஸ்மெனியோடு லிமிட் 10 கேட்டால், சீக்வலைஸ் ஆசிரியர் டேபிளை ஒரு உள்க்வெரிக்குள் வைத்து அங்கே பத்தை எண்ணும். அது சரிதான். ஆனால் மேல்மட்ட வேரில் டாலர் குறிகளுக்கு நடுவே ‘நூல்கள்.அத்தியாயங்கள்.தலைப்பு’ என்று நிபந்தனை வைத்தால், அதுவும் உள்க்வெரிக்குள் போய்விடும். அங்கே அத்தியாய டேபிள் இல்லை. புலம் இல்லை என்று டேட்டாபேஸ் மறுக்கும். உடனே எல்லோரும் உள்க்வெரியை நிறுத்த சப்க்வெரி அமைப்பை ஃபால்ஸ் ஆக்குவார்கள். பிழை போய்விடும், விடை தவறாகிவிடும்: இப்போது லிமிட் எண்ணுவது ஜாயின் ஆன வரிசைகளை. 4 நூல், ஒவ்வொன்றிலும் 5 அத்தியாயம் உள்ள ஆசிரியர் ஒருவரே 20 வரிசை. பத்து ஆசிரியருக்குப் பதில் பாதி அத்தியாயங்களோடு ஒருவர் வருவார். இரண்டு க்வெரியாகப் பிரிப்பதே என் தேர்வு. முதலாவதில் பொருந்தும் ஆசிரியர் ஐடிகளை மட்டும் குரூப் செய்து லிமிட் வையுங்கள். இரண்டாவதில் அந்த ஐடிகளுக்கு முழு அடுக்கையும் எடுங்கள். மொத்த எண்ணிக்கையும் கேட்டால், ஒரே ஆசிரியரைப் பலமுறை எண்ணாதிருக்க டிஸ்டிங்க்டை ட்ரூ ஆக்க மறக்க வேண்டாம்.

ஒரே மட்டத்தில் இரண்டு ஹேஸ்மெனி இருந்தால் வரிசைகள் பெருக்கலாகும்: ஓர் ஆசிரியருக்கு 20 நூலும் 15 விருதும் என்றால் 300 வரிசை. செப்பரேட்டை ட்ரூ ஆக்கினால் தனித்தனி க்வெரியாக 35தான். அது ஹேஸ்மெனிக்கு மட்டுமே செல்லும். இன்க்ளூடுக்குள் எழுதும் ஆர்டரும் (எந்த வரிசையில் தர வேண்டும் என்பது) செப்பரேட் இருந்தால்தான் வேலை செய்யும். இல்லையேல் மேல்மட்ட ஆர்டரில் முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் தமிழ் அலியாஸ் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு பெயரின் உச்ச நீளம் 63 பைட். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்: ‘நூல்கள்’ 21, ‘அத்தியாயங்கள்’ 39. இடைப்புள்ளிகளோடு 62 ஆகிவிட்டது. புலத்தின் பெயருக்கு ஒரு தமிழ் எழுத்துகூட நுழையாது. தமிழ்ப் பெயருள்ள எல்லாப் புலங்களும் ஒரே பெயராக வெட்டப்பட்டு ஒன்றையொன்று மேலெழுதும், பிழைச் செய்தியே வராது. மினிஃபைஅலியாசஸ் அமைப்பை ட்ரூ ஆக்கினால் க்வெரிக்குள் குறும்பெயர்கள் போகும். அணுகும் பாதை மாறாது.