காலண்டர்ல போட்ட சுழி

அரியலூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், எங்க பாத்தாலும் கரிசக் காடு, நடுநடுவுல சிமெண்டுக்காக வெட்டுன சுண்ணாம்புக்கல் மைன்ஸ். அதுல ஒரு மைன்ஸ் மேல பக்கத்து ஊர்க்காரங்க மனு குடுத்திருந்தாங்க, வெடி வைக்கிறப்ப வீடு ஆடுது, சுவரு விரிசல் விடுதுன்னு. அத அளந்து ரிப்போர்ட் குடுக்கத்தான் எங்க டீம் போச்சு. நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது வருஷம் அது.

மைன்ஸ் சைடுல முதல்லயே சொல்லிட்டாங்க, "சார், நாங்க ரூல் படிதான் போடுறோம், ஊரு 500 மீட்டர் டேஞ்சர் ஸோனுக்கு வெளிய இருக்கு, வைப்ரேஷன் 15 வரைக்கும் அலவ்டு"ன்னு. இதுல ரெண்டு விஷயம் தப்பு. 500 மீட்டருங்கிறது கல்லு பறந்து வந்து ஆளுங்க மேல விழுந்துடக் கூடாதுங்கிறதுக்காக, அந்தக் கோட்டைத் தாண்டுனா அதிர்வு நின்னுடாது. இன்னொண்ணு, சுரங்கப் பாதுகாப்புத் துறையோட 1997 சர்க்குலர்படி சாதாரண வீட்டுக்குத் தரை ஆடுற வேகம் நொடிக்கு 15 மில்லிமீட்டர் வரைக்கும் போலாம்ங்கிறது, அதிர்வோட ஃப்ரீக்வன்சி, அதாவது நொடிக்கு எத்தன தடவ ஆடுதுங்கிறது, 25 ஹெர்ட்ஸுக்கு மேல இருந்தா மட்டும்தான். 8ல இருந்து 25க்குள்ள இருந்தா 10, 8க்குக் கீழ போயிட்டா வெறும் 5தான். ஏன்னா மெதுவா ஆடுற அலையும் வீடு தானா ஆடுற வேகமும் ஏறக்குறைய ஒண்ணு, ஊஞ்சல் போற போக்குலயே தள்ளுனா எப்படி ஏறுமோ அப்படி வீடு சேந்து ஆடும். ஆழமான கரிசல் மண்ணுல இந்த மெதுவான அலைதான் அதிகமா வரும்.

மொத நாள் ஊர்க் கடைசில ஒரு ஓட்டு வீடு, மைன்ஸ்ல இருந்து 520 மீட்டர், அங்க அஸ்திவாரத்த ஒட்டி குழி தோண்டி, தரை அதிர்வ அளக்குற ஜியோபோன வெச்சு மேல மணல் மூட்டை போட்டோம். சைரன் ஊதுச்சு, வெடி போட்டாங்க, மீட்டர்ல 1.3 காட்டுச்சு. ஒண்ணுமே இல்லாத அளவு. எல்லாரும் மூட்ட கட்டத் தயாராயிட்டாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அந்த வீட்டு ஆயா மட்டும் வாசப்படில உக்காந்துகிட்டு, "தம்பி, இது நீங்க வந்திருக்கீங்கன்னு போட்ட வேட்டு, இதுக்கா நாங்க மனு குடுத்தோம்"னு சொன்னாங்க. நிஜ வேட்டு எப்படி இருக்கும்னு கேட்டேன். "மொதல்ல தரை ஒரு தூக்கு தூக்கும், அப்புறம் ஒண்ணு ரெண்டு எண்ணுறதுக்குள்ள ஏனமெல்லாம் கடகடங்கும்"னாங்க. எனக்கு சிலிர்த்துப் போச்சு. தரை வழியா வர்ற அலை அரை நொடிக்குள்ள வந்துடும், காத்து வழியா வர்ற அழுத்தம் 520 மீட்டருக்கு ஒன்றரை நொடி எடுக்கும், ரெண்டும் தனித்தனி. எங்க கிராஃப்ல ரெண்டு மேடா தெரியுறத அந்தம்மா உக்காந்த இடத்துல இருந்தே பிரிச்சு சொல்லிட்டாங்க.

அப்புறம் உள்ள போயி உரக்கடையில குடுத்த மாசக் காலண்டர எடுத்துட்டு வந்தாங்க. கட்டத்துக்குள்ள பேத்தி பென்சில்ல மணி எழுதியிருக்கு, பெரிய வேட்டு போட்ட நாளச் சுத்தி சுழி. ஏழு மாசம் ஒரு நாள் விடாம. மனுவோட குடுக்கக் கொண்டு போயிருக்காங்க, ஆபீஸ்ல இதெல்லாம் வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்களாம்.

நான் எங்க சீனியர்கிட்ட கெஞ்சி மீட்டர அந்த வீட்டுலயே ஒரு மாசம் விட்டுட்டு வந்தேன், எந்த வீட்டுல இருக்குன்னு மைன்ஸுக்குச் சொல்லல. பதினெட்டாவது நாள் 5.4, ஃப்ரீக்வன்சி 7 ஹெர்ட்ஸ். லிமிட் தாண்டிடுச்சு. அன்னிக்குக் காலண்டர்லயும் சுழி.

பிளாஸ்டிங் ரெக்கார்டையும் காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தோம். மொத்தம் எத்தன கிலோ வெடிமருந்துங்கிறத விட ஒரே நேரத்துல எத்தன கிலோ வெடிக்குதுங்கிறதுதான் அதிர்வ முடிவு பண்ணும், 8 மில்லி செகண்டுக்குள்ள வெடிக்கிறதெல்லாம் ஒண்ணாத்தான் கணக்கு. சுழி போட்ட நாள்ல எல்லாம் ஊர்ப் பக்கத்து பெஞ்சுல, அதாவது மைன்ஸ்ல படி மாதிரி வெட்டுன அடுக்குல வெடி, மருந்து போடுற ஹோல ஒவ்வொண்ணா கொஞ்சம் தள்ளித் தள்ளி வெடிக்க விடுற டிலேய, மூணு மூணு ஹோலுக்கு ஒரே டிலேயா கட்டியிருக்காங்க. வேல சீக்கிரம் முடியணும்னு. ஒரு டிலேக்கு ஒரு ஹோல், ஹோலுக்குள்ளயும் நடுவுல மண்ணு போட்டு மருந்த ரெண்டு அடுக்கா பிரிக்கணும், ஊர்ப் பக்கம் வெடி வைக்கிற நாள்ல முன்கூட்டியே சொல்லணும்னு ரிப்போர்ட்ல எழுதினோம். அதுக்கப்புறம் அளந்தப்ப 2ஐத் தாண்டல.

விரிசல் விஷயம்தான் எனக்கு இன்னிக்கும் உறுத்துது. வாசக்கால் மூலைல இருந்து சாய்வா போற விரிசல் மேல ஒரு சின்னக் கண்ணாடித் துண்ட ஒட்டி தேதி எழுதி வெச்சிருந்தேன். அது உடைஞ்சது சித்திரைல, மைன்ஸ் ரிப்பேருக்காக மூடி பத்து நாளா ஒரு வெடியும் இல்லாதப்ப. வெயில்ல கரிசல் மண்ணு சுருங்கிப் பிளக்குறப்ப அஸ்திவாரத்தையும் சேத்து இழுக்கும். அத ஆயாகிட்ட மறைக்காம சொன்னேன். ரொம்ப நேரம் அந்த உடைஞ்ச துண்டையே பாத்துகிட்டு இருந்தவங்க, "அப்ப மண்ணும்தான் பண்ணுதுங்கற. சரி. ஏற்கனவே கீறுன சுவத்த தெனமும் தூக்கித் தூக்கிப் போட்டா என்னாகும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அந்தச் சுவத்துல மண்ணோட பங்கு எவ்வளவு வெடியோட பங்கு எவ்வளவுன்னு எங்ககிட்ட இருந்த ரீடிங்க வெச்சு பிரிக்க முடியல, அதனால நஷ்ட ஈடு பத்தி ரிப்போர்ட்ல ஒரு வரி கூட எழுத முடியல.

அடுத்த வருஷம் மாசில வேற வேலையா அந்தப் பக்கம் போனப்ப ஆயா வீட்டுக்குப் போனேன். புதுக் காலண்டர் மாட்டியிருந்துச்சு, பேத்தி ஸ்கூல் போயிருந்தா. மோர் குடுத்துட்டு, "இப்ப முன்ன மாதிரி இல்ல தம்பி"ன்னாங்க. தாளப் புரட்டிப் பாத்தேன், தை மாசக் கடைசில ஒரே ஒரு சுழி. தேதியையும் மணியையும் குறிச்சுகிட்டு, மோரக் குடிச்சு முடிச்சுட்டு, வண்டிய மைன்ஸ் ஆபீஸுக்கு விட்டேன்.