கணக்கு டீச்சரும் வாசிக்கக் கத்துக்கொடுக்கணும்

"பசங்களுக்கு வாசிக்கவே தெரியல" – ஸ்டாஃப் ரூம்ல இந்தப் பேச்சு வராத வாரமே கிடையாது. கணக்கு டீச்சர் சொல்வாங்க, கெமிஸ்ட்ரி டீச்சர் சொல்வாங்க, வரலாறு எடுக்கிறவங்களும் சொல்வாங்க, சொல்லிட்டு எல்லார் பார்வையும் போய் நிக்கிறது தமிழ் ஐயா மேலதான். அவரும் விடமாட்டார், என் கிளாஸ்ல கதை குடுத்தா கடகடன்னு வாசிக்கிறாங்க, கேள்வி கேட்டா பதில் சொல்றாங்க, உங்க கிளாஸ்ல வந்ததும் எப்படி மறந்துபோகும்னு கேப்பார். நான் அறிவியல் எடுக்கிறேன். ரெண்டு தரப்பையும் வருஷக்கணக்கா கேட்டதுல எனக்குப் படுறது, ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். கதையை எப்படி வாசிக்கணுமோ அது அந்தப் பசங்களுக்கு நல்லாவே தெரியும். அதே வேகத்துல, அதே மாதிரி மேலேருந்து கீழ வரைக்கும் ஓடி கணக்கையும் வாசிக்கிறாங்க, அறிவியலையும் வாசிக்கிறாங்க. அது அங்க வேலைக்கு ஆகாது, ஆகாதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லவும் இல்ல.

ஒரு சின்ன கணக்கை வெச்சு சொல்றேன். "ஒரு தொட்டியில் 120 லிட்டர் நீர் உள்ளது. நிமிடத்திற்கு 8 லிட்டர் வீதம் நீர் வெளியேறுகிறது எனில், தொட்டியில் 40 லிட்டர் மட்டுமே எஞ்சியிருக்க எத்தனை நிமிடங்கள் ஆகும்?" ஒரு பொண்ணு 40ஐ 8ஆல வகுத்து 5 நிமிஷம்னு எழுதியிருந்தா. வகுத்தல்ல ஒரு தப்பும் இல்ல. சத்தமா வாசிச்சுக் காட்டும்மான்னு சொன்னேன், ஒரு எழுத்துகூட தட்டல, அழகா வாசிச்சா. சரி, அந்த 40 லிட்டர் இப்போ எங்க இருக்குன்னு கேட்டேன். "வெளிய போயிடுச்சு மிஸ்"னா. அவ கண்ணு 120, 8, 40னு நம்பர் நம்பரா தாவியிருக்கு, "மட்டுமே எஞ்சியிருக்க" அப்படிங்கிற இடத்துல நிக்கவே இல்ல. தொட்டியை வரைஞ்சு, 40 எந்த இடம்னு நீயே கோடு போடுன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டு, அப்போ 80 தானே வெளிய போகணும்னு அவளே சொல்லிட்டா. 10 நிமிஷம்னு எழுதினா. இதுல நான் கணக்கு ஒண்ணும் சொல்லித்தரல, எங்க நின்னு வாசிக்கணும்னு மட்டும்தான் காட்டினேன்.

ஆஸ்திரேலியாவுல ஆன் நியூமன்னு ஒரு ஆசிரியை இதை 1977லயே பிரிச்சுப் பார்த்திருக்காங்க. ஒரு வாக்கியக் கணக்கைப் போடற குழந்தை அஞ்சு படி தாண்டணும்: வாசிக்கணும், புரிஞ்சுக்கணும், எந்தக் கணக்கு வழின்னு பார்த்து அதுக்கு மாத்திக்கணும், கணக்கைப் போடணும், கடைசியா விடையைச் சரியா எழுதணும். கணக்குல பின்தங்கின ஆறாம் வகுப்புப் பசங்களோட தப்புகளை அவங்க ஆராய்ஞ்சப்போ கிட்டத்தட்ட பாதி தப்பு கூட்டல் கழித்தலைத் தொடறதுக்கு முன்னாடி இருக்கிற மூணு படியிலயே நடந்திருந்துச்சு. நம்ம என்ன பண்றோம், தப்பு விடையைப் பார்த்த உடனே அதே மாதிரி இன்னும் பத்து கணக்கு ஹோம்வொர்க் குடுக்கிறோம். அந்தப் பொண்ணுக்கு வகுத்தல்ல இன்னும் பத்து குடுத்தா என்ன பிரயோஜனம், அவளுக்குதான் வகுத்தல் ஏற்கனவே தெரியுமே.

அப்போ எல்லா டீச்சரும் மொழி டீச்சர் ஆகணுமான்னு கேட்டா, அது இல்ல நான் சொல்ல வர்றது, இந்த இடத்துலதான் பல பேர் இந்த விஷயத்தையே வேண்டாம்னு தள்ளிடறாங்க. இங்கிலாந்துல பள்ளிகள்ல மொழி கத்துக்கொடுக்கிறதைப் பத்தி ஆராய அரசு போட்ட புல்லக் கமிட்டியோட அறிக்கை 1975லயே ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு மொழிக் கொள்கை இருக்கணும்னு சொல்லிடுச்சு, அம்பது வருஷம் ஆச்சு, இன்னும் நம்ம ஸ்டாஃப் ரூம்ல அதே சண்டைதான் ஓடுது. எனக்குத் தெரிஞ்சு காரணம், அதை எல்லாரும் "மொழி டீச்சர் வேலையை நீயும் கொஞ்சம் செய்"னு எடுத்துக்கிட்டதுதான். அமெரிக்காவுல திமோத்தி ஷனஹான், சிந்தியா ஷனஹான்னு ரெண்டு பேர் 2008ல வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைத் தெளிவாக்குச்சு. கணித அறிஞர், வேதியியலாளர், வரலாற்று அறிஞர் எல்லாரையும் உக்கார வெச்சு நீங்க எப்படி வாசிக்கிறீங்கன்னு கேட்டிருக்காங்க. கணிதக்காரங்க ஒரு வார்த்தைகூட விடாம திரும்பத் திரும்ப வாசிக்கிறாங்க, சின்னச் சொல் மாறினாகூட அர்த்தம் மாறிடும்னு. வேதியியல்காரங்க எழுத்துலேருந்து படத்துக்கு, படத்துலேருந்து சமன்பாட்டுக்கு, திரும்ப எழுத்துக்குன்னு போயிட்டு வந்துட்டே இருக்காங்க. வரலாற்றுக்காரங்க யார் எழுதினது, ஏன் எழுதினதுன்னு அதைத்தான் முதல்ல பாக்கிறாங்க. ஆக நான் மொழி டீச்சர் ஆக வேண்டியதில்ல, அறிவியலை நான் எப்படி வாசிக்கிறேனோ அதைப் பசங்களுக்குக் காட்டினா போதும், அந்த வேலையை தமிழ் ஐயாவால எனக்காகச் செய்ய முடியாது.

இதை நாங்க நேர்லயே பார்த்தோம். ஒரு ஸ்டாஃப் மீட்டிங்ல ஆளாளுக்கு தன் பாடப் புத்தகத்துல ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து வேற பாடம் எடுக்கிறவங்ககிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னோம். தமிழ் ஐயா கையில கெமிஸ்ட்ரி பக்கம் போச்சு. கணீர்னு வாசிச்சார், வாசிச்சு முடிச்சுட்டு நிமிந்து "இதுல எதைப் புடிச்சுக்கணும்?"னு உண்மையாவே கேட்டார். கெமிஸ்ட்ரி டீச்சர் விளக்க ஆரம்பிச்சு பாதியில நின்னுட்டாங்க. நான் இந்தப் பத்தியை முதல்ல வாசிக்கவே மாட்டேன், கீழ இருக்கிற சமன்பாட்டைப் பார்த்துட்டு, ரெண்டு பக்கமும் அணு எண்ணிக்கை சரியான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் மேல வருவேன்னாங்க. அவங்களுக்கே அது அன்னைக்குதான் வாய்விட்டு வந்துச்சு, இத்தனை வருஷமா பசங்களுக்கு அதைச் சொன்னதே இல்லன்னும் சொன்னாங்க. நமக்குப் பழகிப்போன விஷயம் நம்ம கண்ணுக்கே தெரியாது, அதான் இதுல இருக்கிற பெரிய கஷ்டம்.

என் கிளாஸ்ல இப்போ நான் செய்றது சத்தமா யோசிக்கிறது. உதாரணத்துக்கு இப்படி ஒரு வாக்கியம்: "வெப்பநிலை உயரும்போது வாயு மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் அதிகரிப்பதால், மாறாத பருமன் கொண்ட கலனில் வாயுவின் அழுத்தம் அதிகரிக்கிறது." அதை போர்டுல எழுதிட்டு, ஏறுற விஷயத்தையெல்லாம் வட்டம் போடுங்க, ஏறாம அப்படியே இருக்கிறதை கட்டம் போடுங்கன்னு சொல்வேன். வெப்பநிலை, இயக்க ஆற்றல், அழுத்தம் மூணுக்கும் வட்டம் வந்துடும். பருமனுக்குக் கட்டம் போடறவங்க முதல்ல ரொம்பக் கம்மி, ஏன்னா "மாறாத பருமன் கொண்ட" அப்படிங்கிறது கலனுக்கு முன்னாடி அடைமொழியா ஒட்டிக்கிட்டு நிக்குது, கண்ணு வழுக்கிட்டுப் போயிடுது. ஆனா அதை விட்டுட்டா அந்த விதியே தப்பாயிடும். அப்புறம் எது எதனால நடக்குதுன்னு அம்புக்குறி போடச் சொல்வேன். நம்ம மொழியில வினைச்சொல் கடைசியில வர்றதால, இந்த மாதிரி நீள வாக்கியத்துல பையன் மொத்தத்தையும் மனசுல பிடிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் போகணும், பாதியில விட்டா ஒண்ணும் நிக்காது. ஒரு வாக்கியத்துக்கு அஞ்சு நிமிஷம் போகுது, போகட்டும், அந்த அஞ்சு நிமிஷத்துல பாய்ல்ஸ் விதி சார்லஸ் விதின்னு மத்த வாயு விதிகளையெல்லாம் வாசிக்கிறதுக்கும் சேர்த்து ஒரு வழி கிடைக்குது.

படமும் அப்படித்தான். "படத்தைப் பார்க்க"ன்னு புத்தகத்துல வந்தா முக்கால்வாசிப் பேர் பாக்கறதில்ல, அதையும் ஒரு வாக்கியமா வாசிச்சுட்டு மேல போயிடறாங்க. அந்த இடம் வந்தா விரல் படத்து மேல போகணும்னு ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். இதயத்தோட அறைகளைப் பத்தின பாடத்தை விரல் இல்லாம வாசிச்சா ஏட்ரியம் வென்ட்ரிக்கிள் எல்லாம் வெறும் பேரா மனப்பாடம்தான் ஆகும்.

வார்த்தைகளைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கலைச்சொல்லை எல்லா டீச்சரும் சொல்லித் தர்றோம், அதுக்கு கட்டம் போட்டு அர்த்தம் எழுதறோம், பெரிய எழுத்துல இருக்கு, தேர்வுல வரும். யாரும் சொல்லித்தராதது "முறையே", "எனில்", "குறைந்தபட்சம்", "ஆயினும்", "தவிர" இந்த மாதிரி சொல்லுங்கதான். "அ, ஆ, இ ஆகியவற்றின் நிறைகள் முறையே 2, 5, 9 கிராம்" – இதுல முறையே தெரியலன்னா மொத்தக் கேள்வியும் போச்சு. இது கணக்குப் பாடத்துலயும் வருது, இயற்பியல்லயும் வருது, புவியியல்லயும் வருது, எந்தப் பாடத்தோட சொல்லும் இல்ல, அதனால யாரோட பொறுப்பும் இல்லாம நிக்குது. பேச்சுல நம்ம வீட்லயோ வெளியிலயோ யாரும் முறையேன்னு பேசறதில்ல, அப்புறம் பையன் அதை எங்கேருந்து கத்துப்பான்? எங்க ஸ்கூல்ல இப்போ இந்தச் சொற்களை எல்லா டீச்சரும் சேர்ந்து பங்கு போட்டுக்கிட்டோம், யார் கிளாஸ்ல முதல்ல வருதோ அவங்க நிறுத்திச் சொல்லணும்னு.

வரலாறு டீச்சர் கிளாஸ்ல ஒரு நாள் பின்னாடி பெஞ்சுல உக்காந்து பார்த்தேன். ஒரே சம்பவத்தைப் பத்தி ரெண்டு கடிதம் குடுத்தாங்க, குடுத்துட்டு யாரும் முதல் வரியைத் தொடாதீங்க, கையெழுத்து யாருது, தேதி என்ன, யாருக்கு எழுதினது, இதை மட்டும் பாருங்கன்னாங்க. சாம் வைன்பர்க்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1991ல வெளியிட்ட ஆய்வுல இதே வித்தியாசம்தான் வந்துச்சு, வரலாற்று அறிஞர்கள் எட்டுப் பேருக்கும் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேருக்கும் அமெரிக்க சுதந்திரப் போர்ல 1775ல நடந்த லெக்சிங்டன் சண்டையைப் பத்தின ஆவணங்களைக் குடுத்தார், அறிஞர்கள் யார் எழுதினதுன்னு முதல்ல பார்த்தாங்க, மாணவர்கள் மேலேருந்து கீழ வாசிச்சாங்க. நான் பார்த்த அந்த வரலாறு கிளாஸ்ல ஒரு பையன், "இவர் தளபதிக்கு எழுதியிருக்கார், தோத்ததைக் குறைச்சுத்தானே சொல்வார்"னான். எனக்குச் சிலிர்த்துடுச்சு. என் கிளாஸ்ல வாயே திறக்காத பையன் அவன்.

வாசிப்புத் திறன்னு தனியா பீரியட் போட்டு, "மையக் கருத்தைக் கண்டுபிடி"ன்னு ஒர்க்‌ஷீட் குடுத்துட்டா எல்லாப் பாடமும் சரியாயிடும்னு நினைக்கிறவங்க இருக்காங்க, எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1988ல ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பத்தின பத்தியை வாசிக்கக் குடுத்தாங்க. வாசிப்புல பின்தங்கினவங்கன்னு சொல்லப்பட்ட, ஆனா பேஸ்பால் தெரிஞ்ச பசங்க, நல்லா வாசிக்கிற ஆனா பேஸ்பால் தெரியாத பசங்களை விட நல்லா புரிஞ்சுக்கிட்டு சொன்னாங்க. விஷயம் தெரிஞ்சா வாசிப்பு வரும். அந்த விஷயத்தைக் குடுக்கிறது யாரு, பாட ஆசிரியர்தான்.

எழுதறதுலதான் இன்னும் நிறைய போக வேண்டியிருக்கு. சோதனை அறிக்கையில "அது அதிகமாச்சு, அதனால அது மாறிடுச்சு"ன்னு எழுதுவாங்க. எது, எதனாலன்னு கேட்டா வாயால சரியா சொல்றாங்க, எழுதறப்போ வராது. அதனால எழுதறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட அது இதுன்னு சொல்லாம முழு வாக்கியமா சொல்லணும், அப்புறம்தான் பேனா எடுக்கணும்னு வெச்சிருக்கேன். பதிலை நான் டிக்டேட் பண்றதை நிறுத்திட்டேன். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கலாமா வேண்டாமான்னு எங்களுக்குள்ள இன்னும் ஒத்துப்போகல, நான் குறைக்கறதில்ல, கலைச்சொல் தப்பா இருந்தா மட்டும் திருத்தி எழுத வைக்கிறேன். போர்ஷன் முடியாதுன்னு சொல்றவங்க கவலை எனக்குப் புரியுது, ஆனா முடிச்ச போர்ஷனை ரிவிஷன்ல முதல்லேருந்து திரும்ப எடுக்கிறோமே, அந்த நேரத்தை யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

இது எல்லாமே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிஞ்ச பசங்களுக்கு. எட்டாவது வந்தும் ஒவ்வொரு எழுத்தா கூட்டற பசங்க எல்லா வகுப்புலயும் ரெண்டு மூணு பேர் இருக்காங்க, அவங்களுக்கு வட்டம் கட்டமெல்லாம் உதவாது. கஃப், டன்மர்னு ரெண்டு வாசிப்பு ஆய்வாளர்கள் 1986ல சொன்ன கணக்கு அதுதான், எழுத்தை ஒலியாக்குற திறனும் மொழியைப் புரிஞ்சுக்கிற திறனும் பெருக்கல்ல நிக்குது, ஒண்ணு பூஜ்யம்னா விடையும் பூஜ்யம். அவங்களுக்கு தினமும் தனியா, அடிப்படையிலேருந்து பயிற்சி வேணும், அதை தமிழ் ஐயாவும் இன்னொரு டீச்சரும் காலையில எடுக்கிறாங்க. அது வர்ற வரைக்கும் என் பீரியட்ல அவங்களுக்குப் பக்கத்தை வேற ஒருத்தர் வாசிச்சுச் சொல்வாங்க, பதிலை எங்கிட்ட வாயால சொல்லலாம், எழுதினவங்களுக்கு என்ன மார்க்கோ அதே மார்க் அவங்களுக்கும் போடறேன்.