மாமாவின் போட் மோட்டாரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

பவானியில் கிணற்று மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அதனால் எங்கள் சொந்தபந்தத்தில் மோட்டார் என்று பேர் உள்ள எதுவும் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். மேட்டூர் அணைக் கரையில் இருக்கிற பண்ணவாடியிலிருந்து மாமா ஒரு போட் மோட்டாரைச் சரக்கு ஆட்டோவில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். "ஒருக்கா பாத்துருங்க மாப்ள." இது பெட்ரோல் இன்ஜின், நம்ம வேலை வேற என்றேன். "ரெண்டும் மோட்டார்தானுங்களே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

8 குதிரைத்திறன், 2 ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற வகை. கடற்கரைப் பக்கம் பழசாக வாங்கியது. இரண்டு வருடம் ஓடாமல் கிடந்திருக்கிறது. மாமா மேட்டூர் அணைத் தண்ணீரில் மீன் பிடிக்கிறவர். இத்தனை நாள் பரிசல், இப்போது ஒரு சின்ன ஃபைபர் படகு.

முதல் ஞாயிறு ஸ்பார்க் பிளக்கோடு போயிற்று. பிளக்கைக் கழற்றி, இன்ஜின் உடம்பில் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுத்தேன். பொறி இல்லை. புது பிளக் போட்டேன், அதிலும் இல்லை. கரன்ட் சமாச்சாரம் என் தொழிலாச்சே, விடுவேனா? ஃப்ளைவீல் பக்கம் பிரித்து காயிலை மல்டிமீட்டரில் அளந்தேன், வயர் வயராகத் தடவினேன். எல்லாம் சரியாகவே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் முன்பக்கம் இருந்த சிவப்பு பட்டன் கண்ணில் பட்டது. அதன் கழுத்தில் ஒரு கிளிப் மாட்டியிருக்க வேண்டும். கிளிப்பிலிருந்து ஒரு கயிறு ஓட்டுகிறவர் கையில் இருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், பொறி நின்று இன்ஜின் அணையும். இதில் கிளிப்பே இல்லை. யாரோ எப்போதோ தொலைத்திருக்கிறார்கள். எண்ணெய் கேன் மூடியை லாட வடிவத்தில் வெட்டிச் செருகினேன். நீலப் பொறி சடக் சடக்கென்று அடித்தது. அரை நாள் வேலை, ஒரு கேன் மூடி. (ஓட்டுவதற்கு இது போதாது, ஒழுங்கான கிளிப்பும் கயிறும் வாங்கியாயிற்று.)

அடுத்த வாரமும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் பெட்ரோல் விட்டு இழுத்தால் மூன்று விநாடி உறுமிவிட்டு அணைந்தது. அப்போதே நிம்மதி, பொறி உண்டு, அழுத்தமும் உண்டு, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை.

கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தபோது பெட்ரோல் வாசமே இல்லை, பழைய வார்னிஷ் டப்பா வாசம்தான். அடியில் பச்சையாகப் பசை, அதன் நடுவில் முத்து மாதிரி தண்ணீர்த் துளிகள். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால் இரண்டும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் போகிற பொடி ஓட்டையுள்ள ஸ்லோ ஜெட் சுத்தமாக அடைத்திருந்தது. அது பித்தளை, ஊசியை விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். கடையில் காப்பர் வயருக்கா பஞ்சம்? பல இழை வயரில் ஒரு இழையை உருவி, ஸ்ப்ரே அடித்து, மெதுவாகக் கோத்து எடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது குண்டூசி முனையளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளிக்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை இறக்கினேன். தண்ணீர் இல்லாமல் சும்மா கொஞ்ச நேரம் ஓட்டினாலும் இன்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் தீய்ந்துவிடும். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு பாட்டிலில் ஊற்றி, குளுக்கோஸ் ஏற்றுவது போல மேலே தொங்கவிட்டு, ட்யூபை நேராக இன்ஜினில் சொருகினேன். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது! பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் பீச்சியது. காயப்போட்டிருந்த துணியெல்லாம் புகை வாசம், அதற்கான வசவு தனி.

மூன்றாவது ஞாயிறு பண்ணவாடி. தண்ணீர் நன்றாக இறங்கி, 1934-ல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய கோவிலின் நந்தி வெளியே தெரிந்தது. படகுக்குப் போக முழங்கால் வரை சேறு. பழைய ஹோஸ் வெடித்திருந்ததால், டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் புது ஹோஸையும் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பையும் முந்தின நாள் ராத்திரி நானே பொருத்தியிருந்தேன். மாமா துடுப்பை எடுத்தார். "அதெல்லாம் இனி எதுக்குங்க மாமா" என்றேன்.

நாற்பது தடவை இழுத்திருப்பேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். பல்பை அமுக்கினால் அப்படியே சப்பிக்கொண்டு எழவே இல்லை. டேங்க் மூடியில் காற்றுத் திருகு மூடியிருந்தால் இப்படி ஆகும். திறந்து பார்த்தேன், அப்படியேதான். ஹோஸைக் கழற்றி மாட்டித் திரும்ப அமுக்கினேன். டேங்க் பக்கத்தில் குந்தியிருந்த மாமா காதைச் சாய்த்தார். "ஏனுங் மாப்ள, நீங்க அமுக்கறப்ப டேங்க்குக்குள்ள குபுக்குங்குதே. எண்ணெ அக்கட்டல்லங்க போகோணும்?"

பல்பில் இருந்த சேற்றைத் துடைத்தேன். ரப்பரிலேயே ஓர் அம்புக்குறி, அது இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். டேங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவை ஒருவழி வால்வுகள், திருப்பி மாட்டினால் காற்றை டேங்க்குக்குத்தான் தள்ளும். வீட்டில் பாட்டிலைத் தொங்கவிட்டு ஓட்டியதில் பல்பு என்ற ஒன்றே நடுவில் இல்லை. ஆக, நான் சோதிக்காமல் விட்ட ஒரே சாமானில்தான் கோளாறு, அதைச் செய்தவனும் நானேதான்.

திருப்பி மாட்டி அமுக்கினேன். ஐந்தாறு அமுக்கில் பல்பு கல்லு மாதிரி இறுகியது. சோக்கை இழுத்து மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட். நந்தி பக்கமாக நல்ல வேகத்தில் போனோம், மாமா முன்னால் உட்கார்ந்து துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் பார்த்தால் பீச்சுகிற தண்ணீர் நூலாக மெலிகிறது. சேறு இழுத்துவிட்டது. சூடேறுவதற்குள் இன்ஜினை நிறுத்தினேன்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த சாக்கைத் தூக்கி, அடியிலிருந்து துடுப்பை எடுத்தார்.