சிக்குக் கோலத்தில் சிக்கிய சிறார் நாவல்

வரைந்ததெல்லாம் உயிர் பெறும் ஒரு சிறுமியைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கி ஏழு மாதங்களாகின்றன. முதல் வரைவு நான்காம் அத்தியாயத்திலேயே படுத்துவிட்டது. காட்டில் வழிதவறிய நாயகி பசியால் அழும் இடத்தை வாசித்துக் காட்டினேன், எட்டு வயது மகள், “ஒரு இட்லி வரைஞ்சு சாப்பிட வேண்டியதுதானே?” என்றாள். எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று விட்டுவிட்டால் எந்த இக்கட்டும் நிற்காது என்பது அதன்பிறகே எனக்கு உறைத்தது.

மார்கழியில் ஊரிலிருந்து வந்த அம்மா வாசலில் சிக்குக் கோலம் போட்டார். கோடு புள்ளியைத் தொடக் கூடாது, புள்ளி எதுவும் விடுபடக் கூடாது, தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர வேண்டும். இவற்றையே மந்திரத்தின் விதிகளாக்கினேன். மூடாமல் விட்ட இடத்தின் வழியே வரைந்த உருவம் தப்பியோடிவிடும். (கோலத்தின் இலக்கணத்தைச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தவர்களும் 1974-இலேயே கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். எனக்கு அது கதைக்காகத் தேவைப்பட்டது.)

படங்களுக்காகக் கட்டம் போட்ட நோட்டில் பழகினேன். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்று வைத்தால் ஒரே கோடு பன்னிரண்டையும் சுற்றி முடித்தது. 4 வரிசை, 4 புள்ளி வைத்ததும் கோடு சீக்கிரமே தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிட, மிச்சத்தை மூட இன்னும் மூன்று கோடுகள் தேவைப்பட்டன. என் கைப்பிழை என்றெண்ணி இரண்டு முறை அழித்துப் போட்டேன். உண்மையில், குறுக்கே வெட்டும் இடங்களை அப்படியே விட்டால், அந்த இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எத்தனையோ அத்தனை கோடுகள்தாம் வரும்.

அம்மா நோட்டை வாங்கி, இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தை அழித்து, இரண்டையும் வெட்டவிடாமல் எதிரெதிராக வளைத்துவிட்டார். நான்கு கோடுகள் மூன்றாயின. இப்படி மூன்று இடங்களில் வளைத்தால் பதினாறு புள்ளிகளையும் ஒரே கோடு சுற்றிவிடும்.

ஒன்பதாம் அத்தியாயம் அங்கிருந்துதான் பிறந்தது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் தாத்தா, அப்பா, அம்மா, அண்ணன் ஆகிய நால்வரும் நான்கு கோடுகள். அவர்கள் உரசிக்கொள்ளும் இடங்களைத் தேடிப் பிடித்துச் சிறுமி வளைக்கிறாள். அம்மாவும் அண்ணனும் சேர்ந்தாயிற்று, அப்பாவும் வந்துவிட்டார். தாத்தாவின் கோட்டை எந்த இடத்தில் வளைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. நோட்டில் அந்தச் சந்திப்பை அழித்து அழித்துத் தாள் மெலிந்து கிடக்கிறது.