கூந்தன்குளம் பறவைப் படங்களைக் கைப்பேசியிலேயே சேமித்து வைத்த அனுபவம்

திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திற்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்வதற்காக, அங்கே வந்து தங்கும் பறவைகளின் பெயரையும் படத்தையும் குறிப்பையும் காட்டும் சிறிய ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைக் கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதி வருகிறேன். படங்கள், யாரும் பதிவேற்றக்கூடிய விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையத் தொகுப்பிலிருந்து வருகின்றன. கரையில் நிற்கும்போது இணையம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது என்பதால், வீட்டிலேயே 140 படங்களையும் இறக்கிக் கைப்பேசியில் வைத்துவிட வேண்டும் என்பதே தொடக்கம் முதல் என் நோக்கம்.

படங்களைத் திரையில் காட்டக் காயில் என்ற ஆயத்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினேன். ஒருமுறை காட்டிய படத்தை அது செயலியின் கேச் எனும் தற்காலிகக் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். ஏரோப்ளேன் மோடில் சோதித்தபோது எல்லாப் படங்களும் வந்ததால் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் ஜனவரியில் குளக்கரைக்குப் போய்ச் செயலியைத் திறந்தபோது, எதிரே வரித்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருக்க, அவற்றின் பக்கத்தில் படமில்லாத சாம்பல் நிறக் கட்டம்தான் இருந்தது. இடையில் எடுத்த காணொளிகளால் கைப்பேசியில் இடம் குறைந்துவிட்டது. இடம் குறையும்போது கேச் கோப்புறையில் உள்ளவற்றை ஆண்ட்ராய்டு தானாகவே நீக்கிவிடும். அது நூலகத்தின் பிழையன்று. தற்காலிகமாக வைப்பதற்கான இடத்தை நிரந்தரச் சேமிப்பாக நான் கருதியதுதான் பிழை.

அதன் பிறகு படங்களைச் செயலியின் சொந்தக் கோப்புறையில் நானே எழுதத் தொடங்கினேன். முதலில் படத்தை பிட்மேப்பாக, அதாவது சுருக்கப்படாத பிக்சல்களாக, விரித்து, மீண்டும் ஜேபெக்காகச் சுருக்கிச் சேமித்தேன். இது வீண்வேலை என்பது சீக்கிரமே தெரிந்தது. 4000க்கு 3000 பிக்சல் உள்ள ஒரு படத்தை விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் என்ற கணக்கில் 4.8 கோடி பைட் நினைவகம் வேண்டும்; மீண்டும் சுருக்கும்போது இறகின் நுண்கோடுகள் மங்குகின்றன, படத்தோடு வந்த எக்சிஃப் தகவலும் (எடுத்த நாள், கேமரா போன்ற விவரங்கள்) போய்விடுகிறது. வலையிலிருந்து வரும் பைட்டுகளை அப்படியே கோப்பில் ஊற்றிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

என்னை மூன்று இரவுகள் உட்கார வைத்தது கோப்பின் பெயர்தான். முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதையே பெயராக வைத்திருந்தேன். ஆங்கிலத் தலைப்புள்ள படங்கள் எல்லாம் சேமிக்கப்பட்டன. தமிழில் நீண்ட தலைப்பு வைத்துப் பதிவேற்றிய படங்கள் மட்டும் பெயர் மிக நீளம் என்ற பிழையோடு நின்றன. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது; இணைய முகவரியில் அந்த ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 எழுத்தாக விரிகிறது. ஆக, ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்துகள். ‘கு’ என்பதே ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கோப்புப் பெயருக்கான வரம்பு 255 பைட். 28 குறியீடுகள் வந்தாலே 252 எழுத்தாகி, ‘.jpg’ என்ற பின்னொட்டு சேர்ந்ததும் 256 ஆகிவிடுகிறது. தமிழில் தலைப்பிட்டுப் பதிவேற்றுகிறவர்களின் உழைப்பு என் நிரலின் கவனக்குறைவால் விடுபட்டுப்போனது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இப்போது முழு முகவரியிலிருந்து, எவ்வளவு நீளமான உரைக்கும் ஒரே நீளக் குறியைத் தரும் ஷா-256 முறையில் கணக்கிட்ட 64 எழுத்துகளே கோப்பின் பெயர். உண்மையான தலைப்பு, படமெடுத்தவர் பெயர், உரிம விவரம் மூன்றும் ரூம் என்ற, கைப்பேசியிலேயே இருக்கும் தரவுதளத்தில் அந்தப் பெயரோடு இணைந்திருக்கின்றன. படமெடுத்தவரின் பெயரைப் படத்தின் கீழ் எப்போதும் காட்டுகிறேன். இணையம் இல்லாத இடத்திலும் அது விடுபடக் கூடாது.

அடுத்து வந்தது பாதிப் படங்களின் சிக்கல். பதிவிறக்கம் நடுவில் அறுந்தால் நிரல் பிழையைச் சொல்லிவிடும், ஆனால் அதுவரை எழுதிய பாதிக் கோப்பு அங்கேயே கிடக்கும். கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்த என் நிரல், அதை முழுப் படம் என்றே எடுத்துக்கொண்டு மீண்டும் இறக்காமல் விட்டது. சங்குவளை நாரைக்குக் காலே இல்லாமல் போனது அப்படித்தான். இப்போது தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் வந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுகிறேன். பெயர் மாற்றும் கட்டளை தோற்றால் பிழை எதையும் எழுப்பாமல் ‘இல்லை’ என்ற விடையை மட்டும் தரும் என்பதால், அந்த விடையையும் தவறாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

படம் ஒன்றுக்கு ஏறக்குறைய 300 கேபி வீதம் மொத்தம் 42 எம்பி ஆயிற்று. ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்புநகலுக்குச் செயலி ஒன்றுக்கு 25 எம்பிதான் வரம்பு; படங்கள் அதை மீறியதால் நான் கைப்பட எழுதிய பார்வைக் குறிப்புகளுக்கும் காப்புநகல் இல்லாமல் போயிற்று. மறுபடியும் இறக்கிக்கொள்ளக்கூடிய படங்களைக் காப்புநகலில் சேராத தனிக் கோப்புறைக்கு மாற்றியதும் குறிப்புகள் மீண்டும் சேரத் தொடங்கின. படத்தைக் கேலரிக்கு அனுப்பும் பொத்தானுக்கு, கைப்பேசியின் பொதுப் படத் தொகுப்பை அணுகும் மீடியாஸ்டோரைப் பயன்படுத்தினேன். ஆண்ட்ராய்டு 10 முதல் அதற்குத் தனி அனுமதி கேட்கத் தேவையில்லை.

நேற்று அமைப்புகளில் கேச்சை அழித்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, 140 பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாப் படங்களும் முழுமையாக வந்தன. பட்டியலிலிருந்து ஒரு பறவையை நீக்கினால் அதன் படக் கோப்பு மட்டும் கைப்பேசியிலேயே தங்கிவிடுகிறது; அடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும்.